ஏழாம் கிளை

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் ஓடும் டூல் நான்காவது முறையாக விழுந்துவிட்டது.

டூல் விழுந்தால் ஆபீஸில் இருக்கிற எல்லாத் திரையும் ஒரே நேரத்தில் வெள்ளையாகிவிடும். நாற்பது பேர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். மாப்பிள்ளை யாரையும் பார்க்காமல் சர்வரை அணைத்து மறுபடி போடுவார். அது எழுந்து வர ஆறு நிமிஷம் ஆகும். அதற்குள் ஆபீஸில் ஒரு சுற்று டீயும், மாப்பிள்ளையைப் பற்றி ஒரு சுற்றுப் பேச்சும் முடிந்துவிடும்.

ஊருக்கெல்லாம் மாப்பிள்ளையாக அவர் ஒன்றும் ஆசைப்படவில்லை. மேனேஜரின் தங்கையைக் கட்டியவர். மேனேஜர்தான் சிபாரிசு செய்து அவரைப் புரோகிராமராகச் சேர்த்துவிட்டார். சேர்ந்த அன்றைக்கு மேனேஜர் பழக்கதோஷத்தில் “வாங்க மாப்பிள்ளை” என்று வாசலில் கூப்பிட்டுத் தொலைக்க, வாட்ச்மேன் முதல் டைப்பிஸ்ட் வரை எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். தங்கை புருஷன் என்பதால் மேனேஜரால் அவரை நீ, வா, போ என்று பேச முடியாது. திட்டுவதாக இருந்தாலும் மரியாதையோடுதான் திட்டியாக வேண்டும்.

“மாப்பிள்ளை, தப்பா நெனக்காதீங்க. உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குங்களா?”

“இருக்குங்க மச்சான்.”

“அத ஆபீசுக்கு எடுத்துட்டு வர்றீங்களா, இல்ல வீட்டுலயே வெச்சுட்டு வந்துடறீங்களா?”

கம்பெனி செய்வது எடை மெஷின். ஆறு ஊர்களில் ஆறு கிளை. எந்தக் கிளையில் எத்தனை மெஷின் பழுது, எத்தனை புகார், மாத அறிக்கை என்ன என்பதெல்லாம் சர்வரில் ஃபோல்டர் ஃபோல்டராகக் கிடக்கும். மாப்பிள்ளை எழுதிய டூலில் ஒரு பெட்டி இருக்கும். எந்த ஃபோல்டருக்குள் எந்த ஃபோல்டர் என்று அதில் வரிசையாக அடிக்க வேண்டும். அதற்குப் பெயர் பாதை. ‘கிளைகள்/மூன்று/பழுது’ என்று அடித்தால் மூன்றாம் கிளையின் பழுதுப் பட்டியல் வந்து நிற்கும். இல்லாத பாதையை அடித்தால் டூல் பொத்தென்று விழும். டூலை எழுதும்போது மாப்பிள்ளை, மனிதர்கள் எல்லாரும் சரியாகத்தான் அடிப்பார்கள் என்று நம்பிவிட்டார். நல்ல மனுஷன், அவ்வளவுதான்.

ஆறு மாதத் தற்காலிக வேலை அது. வெள்ளிக்கிழமையோடு ஆறு மாதம் முடிகிறது. நிரந்தரம் ஆனால் தப்பித்தார். ஆகாவிட்டால் மாமனாரின் மெத்தைக் கடை. அங்கே வாடிக்கையாளர் வரும்போது கண்ணாடிக்குப் பின்னால் மெத்தையில் படுத்துக் காட்ட ஓர் ஆள் தேவையாக இருந்தது. “மாப்பிள்ளைக்கு நல்ல உடம்புவாகு, படுத்தா எடுப்பா இருக்கும்” என்று மாமனார் கல்யாணத்தன்றே சொல்லி வைத்திருந்தார். படித்த படிப்பெல்லாம் போய், தெருவே பார்க்கக் கடைசிவரை படுத்துக் கிடப்பதை நினைத்தாலே மாப்பிள்ளைக்கு ராத்திரி தூக்கம் போய்விடும்.

“இன்னிக்கு நாலு தடவையும் விழுந்தது ஒரே பாதையாலதான் மச்சான். யாரோ ‘கிளைகள்/ஏழு/மாத அறிக்கை’ன்னு அடிக்கறாங்க” என்றார் மாப்பிள்ளை.

“நமக்கு ஆறு கிளைதானே.”

“அதனாலதான் விழுது.”

“எவன் அந்த அறிவுகெட்டவன்? பேரச் சொல்லுங்க, இப்பவே வீட்டுக்கு அனுப்பறேன்.”

மாப்பிள்ளை திரையைத் திருப்பிக் காட்டினார். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து யார் என்ன கேட்டார்கள் என்று டூல் வரிசையாக எழுதி வைத்திருந்தது. நான்கு வரியிலும் ‘மேல் மாடி’ என்று இருந்தது.

மேனேஜர் பக்கத்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

மேல் மாடி முதலாளியின் அறை. அதற்குத் தனி வாசல், தனி லிஃப்ட். கூப்பிட்டால் மட்டும்தான் போகலாம். பதினொரு வருஷத்தில் மேனேஜர் அங்கே போனது இரண்டு தடவை, அதில் ஒன்று லிஃப்ட் மாறி ஏறியது. முதலாளி எப்போது வருகிறார், எப்போது போகிறார் என்பது யாருக்கும் தெரியாது.

“நான் அறிவுகெட்டவன்னு சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?”

“இல்லீங்க மச்சான்.”

“நல்லது. இனிமே டூல் விழக்கூடாது. அதுக்கு என்ன செய்யணுமோ செய்ங்க.”

இது சாதாரண வேலை. இல்லாத பாதையைக் கேட்டால் விழுவதற்குப் பதில் ஒரு வரி காட்டினால் போதும். மாப்பிள்ளை அரை மணி நேரத்தில் எழுதி முடித்து, தன் திரையில் போட்டுப் பார்த்தார். சிவப்பு எழுத்தில் வந்தது: ‘தவறான பாதை. அப்படி ஓர் இடம் இல்லை.’

இதை எல்லாருக்கும் போடுவதற்கு முன்னால் மச்சானிடம் ஒரு வார்த்தை காட்டிவிடலாம் என்று நினைத்தார் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது.

மேனேஜர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். “தவறுன்னா யாரு தவறு?”

“அடிச்சவங்க தவறு.”

“அடிச்சது யாரு?”

மாப்பிள்ளை தலையைத் தூக்கி மேல் மாடிப் பக்கம் பார்த்தார்.

“முதலாளியப் பாத்து, அதுவும் செவப்பு மையில, ‘தப்பா அடிச்சுட்டே’ங்கறீங்க. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டியவரு அவரு. மெத்தையில படுக்க அவ்வளவு அவசரமா மாப்பிள்ளை?”

“அப்ப ‘தவறு எங்களுடையது, மன்னிக்கவும்’னு போடட்டுமா?”

“எங்களுடையதுன்னா அதுல நானும் இருக்கேன். ‘என்னுடையது’ன்னு போட்டா நீங்க தப்பு செஞ்சதா எழுத்துல ஆயிடும். தப்பே வேண்டாம். யாரு மேலயும் பழி இல்லாம ஒரு வரி போடுங்க.”

ஒரு மணி நேரம் யோசித்து இருவரும் கண்டுபிடித்த வரி: ‘தயவுசெய்து காத்திருக்கவும்.’

அதில் யாருக்கும் எந்த அவமரியாதையும் இல்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் மாடி ஏழாம் கிளையைக் கேட்டது. காத்திருக்கச் சொல்லிப் பதில் போனது. மேல் மாடி காத்திருந்தது. மூன்று மணிக்கும் காத்திருந்தது. மேனேஜர் மாப்பிள்ளையின் முதுகில் தட்டி, “எவ்வளவு பொறுமையா இருக்காரு பாத்தீங்களா, பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான்” என்றார்.

மற்றவர்களும் பொறுமைசாலிகளாக இருந்ததுதான் சிக்கல். ஸ்டோரில் இருக்கும் அம்மா ஒரு பாதையில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு அடித்தார். காத்திருக்கச் சொன்னது. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். வாசலில் லாரியும் காத்திருந்தது. லாரிக்குப் பின்னால் இன்னொரு லாரி. நாலரை மணிக்கு மாப்பிள்ளை எட்டிப் பார்த்தபோது ஆபீஸில் பதினேழு பேர் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏம்மா, மறுபடி அடிச்சுப் பாக்கலாமில்ல?” என்றார் மாப்பிள்ளை.

“அது தயவுசெய்துன்னு கேக்குது தம்பி. இந்த ஆபீசுல என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல. நான் இருந்து பாத்துட்டுத்தான் போவேன்” என்றார் ஸ்டோர் அம்மா.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை வேறு வழி பிடித்தார். கேட்ட இடம் இல்லாவிட்டால், இருப்பதிலேயே அதற்குப் பக்கத்தில் உள்ள இடத்தைத் திறந்து காட்டிவிடுவது. ஏழாம் கிளையைக் கேட்டால் ஆறு. கடைக்காரர்கள் செய்வதுதானே, கேட்டது இல்லாவிட்டால் அதே மாதிரி இன்னொன்றை எடுத்துப் போடுவார்கள்.

மேல் மாடி ஏழைக் கேட்டது. ஆறு போனது. மேல் மாடி எட்டைக் கேட்டது. ஆறு போனது. அப்புறம் நூறு, நானூறு, பூஜ்யம் என்று வரிசையாகக் கேட்டது. எல்லாவற்றுக்கும் ஆறாம் கிளையே போய் நின்றது. மத்தியானத்துக்குள் ஆறாம் கிளையின் மாத அறிக்கையை மேல் மாடி அறுபத்து மூன்று தடவை பார்த்திருந்தது.

இந்தச் செய்தி எப்படியோ ஆறாம் கிளை மேலாளர் காதுக்குப் போய்விட்டது. ஆபீஸ் என்றால் அப்படித்தான். மூன்று மணிக்கு அவர் போன் செய்தார்.

“சார், முதலாளி என் அறிக்கைய அறுபது தடவை பாத்தாராமே.”

“அறுபத்தி மூணு” என்றார் மேனேஜர்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, “ஒரே ஒரு மெஷின்தான் சார். தங்கச்சி வீட்டுல இருக்கு. குழந்தைய எடை போடறதுக்கு எடுத்துட்டுப் போனோம். குழந்தைக்கு இப்ப பத்து வயசு. திருப்பிக் குடுத்துடறேன்” என்றார் அவர்.

“யோவ், அதுக்கில்லய்யா.”

“அப்ப அந்த மேசையுமா சார் தெரிஞ்சு போச்சு?”

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஆறாம் கிளைக்கு இரண்டு மேசை, ஒரு ஃபேன், ஒரு ஏணி திரும்பி வந்து சேர்ந்தன. மேலாளர் மட்டும் வரவில்லை, உடம்பு சரியில்லை என்று பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

“மாப்பிள்ளை, கோவப்படாதீங்க. உங்க டூல் ஓடிக்கிட்டிருந்த ஒரு கிளைய இழுத்துச் சாத்திடுச்சு. முதலாளி ஏழக் கேக்கறாரு. நீங்க ஏழக் குடுங்க. ஆறக் குடுத்துட்டு இதுதான் ஏழுன்னா அவருக்கு எண்ணத் தெரியாதுங்கறீங்களா?” என்றார் மேனேஜர்.

“ஏழு இல்லையே மச்சான்.”

“இல்லைங்கற வார்த்தை என் காதுல விழவே கூடாது.”

மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டாள்.

“இல்லாததக் கேட்டா இல்லைன்னு சொல்லிடுங்களேன். இதுல என்ன இருக்கு?”

“உங்கண்ணன் விட மாட்டேங்கறாரு.”

“எங்கண்ணன் சின்ன வயசுலயும் அப்படித்தான். வாத்தியார் கேட்டதுக்குப் பதில் தெரியலன்னா, கேள்வி நல்லா இருக்குன்னு சொல்லிட்டு உக்காருவாரு.”

புதன்கிழமை காலை மாப்பிள்ளை டூலில் மூன்று வரி சேர்த்தார். இனி யார் எந்தப் பாதையைக் கேட்டாலும், அது இல்லாவிட்டால், டூலே அந்த ஃபோல்டரை உருவாக்கித் திறந்துவிடும். கேட்டது இல்லை என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

மேல் மாடி ‘கிளைகள்/ஏழு’ என்று கேட்டது. ஏழாம் கிளை பிறந்தது.

மேனேஜர் கண் கலங்கிப்போனார். ஆனால் உள்ளே ஒன்றுமில்லையே என்று அடுத்த நிமிஷமே கவலை வந்துவிட்டது. வெறும் ஃபோல்டரைப் பார்த்து முதலாளி என்ன நினைப்பார்? ஏழாம் கிளைக்காரர்கள் எல்லாம் தூங்குகிறார்கள் என்று நினைக்க மாட்டாரா?

“மூணாம் கிளை அறிக்கைய எடுத்து அதுல போடுங்க. மூணுங்கற எடத்துல எல்லாம் ஏழுன்னு மாத்துங்க.”

“அதுல இருவது புகார் இருக்கு மச்சான்.”

“புகார எடுத்துடுங்க. புதுக் கிளைக்கு எதுக்குப் புகார்?”

அப்படியாக ஏழாம் கிளையின் மாத அறிக்கை தயாரானது. பழுது இல்லை, புகார் இல்லை, லீவு எடுத்தவர் ஒருவரும் இல்லை. கிளைகளை ஒப்பிட்டுப் பட்டியல் போடும் பிரிவில் இருந்த பெண், ‘கிளைகள்’ ஃபோல்டரில் எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் எடுத்து வரிசைப்படுத்துவாள். அவள் யாரையும் எதுவும் கேட்பதில்லை, அவள் வேலை அது. மத்தியானம் வந்த பட்டியலில் ஏழாம் கிளை முதலிடத்தில் இருந்தது. உடனே எல்லாக் கிளைகளுக்கும் வழக்கமான சுற்றறிக்கை போனது: ஏழாம் கிளையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவும்.

இரண்டாம் கிளையிலிருந்து நான்கு பேர் ஏழாம் கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதினார்கள். அங்கே மேலாளர் தங்கமானவராம், குரல் உயர்த்திப் பேசியதே இல்லையாம். ஐந்தாம் கிளையில் ஒருவர், ஏழாம் கிளையில் தனக்குத் தெரிந்தவர் இருப்பதாகவும் மாற்றல் வாங்கித் தருவதாகவும் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

ஸ்டோர் அம்மா பட்டியலைப் பார்த்தார். ஏழாம் கிளைக்கு இதுவரை ஒரு மெஷின்கூட அனுப்பவில்லை என்று தெரிந்ததும் அவருக்குப் பகீரென்றது. வாசலில் நின்ற லாரியில் பன்னிரண்டு எடை மெஷினை ஏற்றி அனுப்பிவிட்டார்.

நான்கு மணிக்கு லாரி டிரைவர் போன் செய்தார். போனை மாப்பிள்ளைதான் எடுத்தார்.

“சார், ஏழாம் கிளை எங்க இருக்கு? ஆறாம் கிளையத் தாண்டி வந்துட்டேன். ரோடே முடிஞ்சு போச்சு.”

“எதிர்ல என்ன தெரியுது?”

“எருமை தெரியுது சார்.”

“அங்கயே இருங்க” என்றார் மாப்பிள்ளை.

இதற்கிடையில் மற்றவர்கள் தப்பாக அடித்ததெல்லாமும் ஃபோல்டராக முளைத்துக்கொண்டிருந்தது. ஸ்டோர் அம்மாவின் சரக்குப் பட்டியல் ஒன்பது விதமான பெயரில் ஒன்பது இடத்தில் இருந்தது. இப்போது ஆபீஸில் யாருமே தப்பு செய்வதில்லை. யாருக்கும் எதுவும் கிடைப்பதுமில்லை.

மேல் மாடி விடவில்லை. ஐந்து மணிக்கு ‘கிளைகள்/ஏழு/மேலாளர் புகைப்படம்’ என்று கேட்டது.

மேனேஜரும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேனேஜர் மாப்பிள்ளையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

“வேண்டாம் மச்சான்.”

“உங்க மூஞ்சி முதலாளிக்குத் தெரியாது. என் மூஞ்சி ரெண்டு தடவ பாத்திருக்காரு. யோசிச்சுச் சொல்லுங்க, வேற யாரு இருக்கா?”

கோட்டு போட்ட படம் மாப்பிள்ளையிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, கல்யாணப் படம். அதில் மனைவியை வெட்டிவிட்டு மீதியைப் போட்டார்கள். எப்படி வெட்டினாலும் அவர் முழங்கையைப் பிடித்திருந்த அவளுடைய மூன்று விரல் மட்டும் போக மாட்டேன் என்றது.

மறுநாள் காலை சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி தட்டை வைக்காமல் நின்றாள்.

“ஏங்க, ஏழாம் கிளைல நீங்க மேனேஜராமே. அப்பா கடைக்கு மெத்தை வாங்க வந்த உங்க ஆபீஸ்காரர் யாரோ சொன்னாங்களாம். அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காரு.”

“அது வந்து…”

“எனக்குத் தெரியாம எந்த ஊருக்குப் போய் வந்துக்கிட்டிருக்கீங்க? கல்யாண போட்டோல என்னை வெட்டிட்டுப் போட்டிருக்கீங்களாமே. வெட்டற அளவுக்கு அங்க யாரு இருக்கா?”

“அங்க யாருமே இல்லம்மா. அந்தக் கிளையே இல்ல.”

“இல்லாத கிளைக்கு எதுக்குங்க கோட்டு?”

மாப்பிள்ளை எழுந்து சட்டையை மாட்டினார். சாப்பிடாமலே ஆபீஸுக்கு வந்தார்.

வியாழக்கிழமை மேல் மாடியின் போக்கே மாறிவிட்டது. முதலில் வந்தது வெறும் புள்ளி. புள்ளி, புள்ளி, கோடு, புள்ளி, புள்ளி, கோடு என்று ஒரு பக்கம் நீளத்துக்கு. டூல் சளைக்காமல் அதற்கும் ஒரு ஃபோல்டர் போட்டது.

“கோவமா இருக்காரு” என்றார் மேனேஜர் திரையைப் பார்த்து. “வார்த்தைய அடக்கிக்கிட்டுப் புள்ளியா வெச்சிருக்காரு. நானும் பொண்டாட்டிக்கு அப்படித்தான் மெசேஜ் அனுப்புவேன்.”

அடுத்து வந்தது ‘ஆ’. ஓர் ஆயிரம் ‘ஆ’, இடைவெளியே இல்லாமல்.

மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “கத்தறாரு மாப்பிள்ளை. நெஞ்சு வலியா இருக்குமோ?”

“வலிச்சா அவ்வளவு நேரம் டைப் அடிப்பாரா மச்சான்?”

“முதலாளிங்க எப்படிக் கத்துவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

மேனேஜர் துணிந்து படி ஏறிப் போனார். பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். “நல்லா இருக்காரு. கதவுல காது வெச்சுக் கேட்டேன். டைப் அடிக்கற சத்தம் வருது, பிஸ்கட் கடிக்கற சத்தமும் வருது. தட்டலாம்னு கையைத் தூக்கினேன், கை வரல.”

மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் மாப்பிள்ளை தனியாக உட்கார்ந்து, திங்கட்கிழமை எழுதிய அந்த வரியைத் திரும்ப எடுத்தார். ‘தவறான பாதை. அப்படி ஓர் இடம் இல்லை.’ ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாருக்கும் போய்விடும். லாரி டிரைவர் இன்னமும் ரோடு முடிந்த இடத்தில்தான் நிற்கிறார். வீட்டில் மனைவி கோபமாக இருக்கிறாள். அவருக்கு உள்ளுக்குள் ஓர் அழுகையே வந்தது. இதில் என்ன தப்பு, உள்ளதைச் சொல்வதற்கு எதற்கு இவ்வளவு பயம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். விரலைப் பட்டன் மேல் வைத்தார்.

போன் அடித்தது. மாமனார்.

“மாப்பிள்ளை, புது மெத்தை ஒண்ணு வந்திருக்கு. ஒன்பது அங்குலம். நீங்க பெரிய மேனேஜர் ஆயிட்டதால, இனிமே படுக்கறதுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன். ஒருவேளை வேலை நிக்கலேன்னா மட்டும் சொல்லுங்க, எடத்தக் காலியா வெச்சிருக்கேன்.”

மாப்பிள்ளை விரலை எடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு மேனேஜரின் மேசையில் மேல் மாடி இன்டர்காம் அடித்தது. பதினொரு வருஷத்தில் அது அடித்ததே இல்லை. வேலை செய்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு பெண் குரல், “அந்த டூல எழுதினவர மேல வரச் சொல்லுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

“செக்ரட்டரி போல இருக்கு. ஆர்டர் குடுக்கத்தான் கூப்பிடறாங்க. கோட்டு இருக்கா?” என்றார் மேனேஜர்.

“வீட்டுல இருக்கு. அத இனிமே நான் போட மாட்டேன்.”

இருவரும் லிஃப்டில் ஏறினார்கள். மேனேஜர் வழி முழுக்க ஏழாம் கிளையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தார். மொத்தம் பதினான்கு பேர், மாடிக் கட்டடம், பின்பக்கம் ஒரு வேப்பமரம். மரம் எதற்கு என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, “மரம் இருந்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க” என்றார்.

முதலாளியின் நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன மேசை, ஒரு கம்ப்யூட்டர், திறந்த பிஸ்கட் பொட்டலம். அங்கே நாற்பது வயசு இருக்கும் ஒரு கண்ணாடிக்கார அம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் ஐந்து நாள் அசதி.

மேனேஜர் முதலாளி இல்லாத நாற்காலிக்கு ஒரு கும்பிடும், அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடும் போட்டார்.

“டூல எழுதினது நீங்களா?” என்றார் அந்த அம்மா மாப்பிள்ளையிடம்.

“ஆமாங்க.”

“ஏழாம் கிளையப் பத்திக் கொஞ்சம் கேக்கணும்.”

“அருமையான கிளைங்க” என்று மேனேஜர் முந்திக்கொண்டார். “மாடிக் கட்டடம். பின்னால வேப்பமரம். பதினாலு பேரும் குடும்பம் மாதிரி. பழுதே கெடையாது. மத்த கிளைக்காரங்க எல்லாம் மாத்தல் கேட்டு நிக்கறாங்க.”

அந்த அம்மா நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். “இவருதான் மேலாளரா?” என்று திரையைத் திருப்பினார்.

திரையில் கோட்டு போட்ட மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். அவர் முழங்கையை மூன்று விரல் பிடித்திருந்தது. காலையில் தட்டு வைக்கும்போது அந்த விரல்கள் அவர் பக்கமே வரவில்லை என்பது மாப்பிள்ளைக்கு நினைவு வந்தது. மெத்தை ஒன்பது அங்குலமாக இருந்தாலும் சரி, தொண்ணூறு அங்குலமாக இருந்தாலும் சரி, படுத்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிட்டது.

“நான்தாங்க அது. ஆனா மேலாளர் இல்ல” என்றார்.

“மாப்பிள்ளை” என்று மேனேஜர் அவர் காலை மிதித்தார்.

“மிதிங்க மச்சான், பரவால்ல. அம்மா, ஏழாம் கிளைன்னு ஒண்ணு இல்லீங்க. நமக்கு இருக்கறது ஆறுதான். நீங்க அடிச்ச பாதை தப்பு. அப்படி ஒரு எடமே இல்ல.”

மேனேஜர் சுவரைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை, இனிமேல் ஆளைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள் என்று வாசலைப் பார்த்துத் திரும்பியே நின்றுகொண்டார்.

கண்ணாடிக்கார அம்மா பேனாவை மூடி வைத்தார். நோட்டை மூடி வைத்தார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“இந்த ஒரு வரியத்தாங்க திங்கக்கெழமலேந்து உங்க டூல்கிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன். இல்லாததக் கேட்டா இல்லைன்னு சொல்லுதான்னு சோதிக்கச் சொல்லி, சொன்ன அன்னிக்கே உங்கள நிரந்தரம் பண்ணவும் சொல்லிட்டு, முதலாளி என்னை இங்க உக்கார வெச்சுட்டு வெளியூர் போயிட்டாரு.”